கலப்பையிற் கை வைத்தவர்

கம்பளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறிச் செல்லும் பாதையிலே, புசல்லாவையைக் கடந்து சில மைல்கள் போனதும் மலைகள் இருபுறமும் நெருங்கிவந்து நிற்கும் ஓரிடம் உண்டு. அதுவே இறம்பொடை. 109 மீற்றர் உயரத்திலிருந்து அருவி வீழ்கின்றது. கீழே பள்ளத்தாக்கிற் கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கின்றது. மலைச் சரிவிலே சின்மயா மிஷனார் எழுப்பிய ஆஞ்சநேயர் ஆலயம் பொலிகின்றது. உல்லாசப் பயணிகள் வண்டிகளை நிறுத்தி, அருவியைப் படம் பிடித்துக்கொண்டு, தேநீர் அருந்திவிட்டுச் சென்றுவிடுகின்றனர். பாதையை விட்டிறங்கித் தேயிலைப் பற்றைகளின் ஊடாக நடந்தாற்றான் லயங்கள் கண்ணிற் படும்.

சென்ற விடுமுறையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். எம்மிடம் ஒரு காலத்திற் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது அப்பகுதித் தோட்டங்களிலே கிறிஸ்தவ ஊழியராகப் பணி புரிகின்றார். பெயர் இங்கு வேண்டியதில்லை. பொழுது சாயும் வேளையில் தம் சிறிய அறையின் வாயிலில் அமர்ந்து அவர் எம்மோடு மனம் விட்டுப் பேசினார்.

"ஐயா, நான் இங்கு வந்து ஆறு வருடங்கள் போய்விட்டன. மாதந்தோறும் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பவேண்டும். அதிலே 'புதிதாகச் சேர்ந்தோர்' என்று ஒரு நிரல் இருக்கின்றது. அந்த நிரலில் நான் எழுதிவருவதெல்லாம் பூச்சியந்தான். லயத்துக்குப் போனால், மதம் மாற்ற வந்தவன் என்று சிலர் கதவைச் சாத்துகின்றார்கள். மேலிடத்துக்குப் போனால், ஏன் ஒருவரும் சேரவில்லை என்று கேட்கின்றார்கள். நான் கற்பித்த பிள்ளைகளோ கொஞ்சம் வளர்ந்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகின்றார்கள். இனி இந்த வேலையை விட்டுவிடலாம் என்று எண்ணியிருக்கின்றேன். நீங்கள் நெற்றியிலே திருநீறு அணிந்தவர். உங்களிடம் இதைக் கேட்பது சரியோ தெரியவில்லை. ஆனாலும் என்னைப் படிப்பித்தவர். என்ன சொல்கின்றீர்கள்?"

உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. "எழுதி அனுப்புகின்றோம், தம்பி" என்று கூறிவிட்டு மலையிறங்கினோம். அவருக்கு எழுதியவற்றின் சாரத்தை அவருடைய இசைவுடன் இங்குத் தருகின்றோம். பயன் கண்ணுக்குத் தெரியாத பணியொன்றிற் கை வைத்துச் சோர்ந்திருப்பவர் அவர் ஒருவர் மாத்திரம் அல்லர். ஆசிரியர்களும், தாதியரும், பெற்றோரும், பரீட்சைக்கு மூன்றாம் முறையாகத் தோற்றும் மாணவரும் இதனைத் தமக்கெழுதிய கடிதமாகவே கொள்ளலாம்.

இரண்டு நினைவுகள்

முதலில் எமது நிலையை ஒளிக்காமற் சொல்லிவிடுவது முறை. நாம் சைவர். ஒருவருடைய வறுமையையும் நோயையும் பயன்படுத்தி அவருடைய சமயத்தை விலைக்கு வாங்குவதை நாம் ஒருபோதும் ஒப்பியதில்லை. அது வாங்குபவருக்கும் இழிவு, விற்பவருக்கும் இழிவு, எந்தக் கடவுளின் பெயரால் அது நடைபெறுகின்றதோ அந்தக் கடவுளுக்கும் இழிவு.

எம் தந்தையார் 1950களில் ஒரு மிஷன் பாடசாலையிற் பயின்றவர். அங்கே ஆசிரியர் ஒருவர், வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், அவருடைய நெற்றியிலிருந்த திருநீற்றை அழித்துவிட்டு வரச் சொன்னாராம். அந்த அவமானத்தைத் தந்தையார் முதுமையிலும் மறக்கவில்லை. ஆனால் அதே பாடசாலையில் இன்னுமொருவர் இருந்தார். அவர் ஒரு பாதிரியார். தந்தையார் காய்ச்சலாற் பல நாள் பாடசாலைக்குப் போகாதிருந்தபோது, மழையில் நனைந்துகொண்டு வீடு தேடி வந்து, தவறிப்போன பாடங்களைத் திண்ணையில் இருந்து சொல்லிக்கொடுத்தவர். வீட்டிற் சுவாமி படத்தின் முன்னே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாதிரியார் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே வந்தாராம். தந்தையார் இவ்விருவரையும் ஒரே மூச்சிற் சொல்லுவார். "ஒருவர் என்னை மாற்றப் பார்த்தார், மற்றவர் என்னைப் பார்க்க வந்தார்" என்பது அவர் வாக்கு.

ஆகவே, தம்பி, நாம் ஊக்குவிப்பது இரண்டாமவருடைய பணியையே. அந்தப் பணியைச் செய்பவர் எச்சமயத்தவராயினும், அவர் சோர்ந்து திரும்பிவிடலாகாது என்பது எமது விருப்பம்.

காலடியில் உள்ள வரலாறு

நீர் நிற்கின்ற இம்மண்ணிலே உமக்கு முன்னரே பலர் இதே சோர்வைச் சுமந்து நடந்திருக்கின்றனர். இங்குத் தேயிலை வருமுன் கோப்பி இருந்தது. கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து எம் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் கால்நடையாக வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் மிகப் பலர். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவதும், அது முடிந்ததும் ஊர் திரும்புவதுமாகவே பெரும்பாலோர் வாழ்க்கை அமைந்திருந்தது.

இம்மக்களிடையே பணி புரிவதற்கென 1854ஆம் ஆண்டிலே 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்புத் தோன்றியது. தோட்டத் துரைமார் சிலர் பொருளுதவி புரிய, சர்ச் மிஷன் சங்கத்தார் ஊழியரைத் தந்தனர். முதலில் வந்தவர் திருநெல்வேலியிற் பணி புரிந்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார். அவருடன் திருநெல்வேலித் தமிழ் உபதேசியார்களும் வந்தனர். மிஷனின் பெயரிலேயே இருந்த 'கூலி' என்ற சொல் அக்காலத்தார் எம்மவரை எக்கண் கொண்டு நோக்கினர் என்பதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது. துரைமாரின் பணத்தில் இயங்கியவர்கள் துரைமாரின் குறைகளை எவ்வளவு தூரம் எடுத்துரைத்திருக்க முடியும் என்று வினவுவதும் நியாயமே. இவற்றை மறைத்துவிட்டு வரலாறு பேசுதல் தகாது.

ஆயினும் அந்த உபதேசியார்களை ஒரு கணம் எண்ணிப் பாரும். அவர்கள் துரைகள் அல்லர். குதிரையிற் சென்றவர்களும் அல்லர். எம் மக்களின் மொழியைப் பேசிய, எம் மக்களைப் போலவே கடல் கடந்து வந்த ஏழைத் தமிழர். தோட்டத்துக்குத் தோட்டம் நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் நின்று பேசினர். எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். அட்டை கடித்த காலோடும், மழையில் ஊறிய துணியோடும் நடந்தனர். இன்று 'அ' எழுதப் பழகிய பிள்ளை, கோப்பிப் பருவம் முடிந்ததும் பெற்றோருடன் ஊர் போய்விடும். அடுத்த பருவத்தில் அந்தக் காம்பராவில் வேறொரு குடும்பம் இருக்கும். மறுபடியும் 'அ' விலிருந்து தொடங்கவேண்டும். பின்னர் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியையே அழித்தது. தோட்டங்கள் பாழாயின.

உம் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விடுகின்றனர் என்று வருந்தினீர் அல்லவா? மாணவர் கலைந்து போதல் இம்மலையில் 170 ஆண்டுப் பழைய துயரம். அவ்வுபதேசியார்களில் எத்தனை பேருடைய பெயர் இன்று நம்மவர் நாவில் இருக்கின்றது? பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர்களும், அவர்களையொத்த சைவத் திண்ணை ஆசிரியர்களும் மணலிலே எழுதிக் காட்டிய எழுத்து அழியவில்லை. அவர்கள் கற்பித்தவருடைய பேரரின் பேரருட் சிலர் இன்று எம் கல்லூரியில் ஆசிரியராயிருத்தல் கூடும். யார் அறிவார்?

கண்டிச் சிறையில் ஒருவர்

உம் இருப்பிடத்திலிருந்து பேருந்தில் ஏறினாற் சில மணி நேரத்திற் கண்டியை அடையலாம். அந்நகரத்திலே 1692ஆம் ஆண்டு ஒரு துறவி காலடி வைத்தார். கோவையில் 1651ஆம் ஆண்டு பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் அவர். 'கோவை' என்றது கொங்கு நாட்டுக் கோவையை அன்று. கொங்கணக் கரையிலுள்ள கோவாவையே. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்திருந்த காலம் அது. 1687ஆம் ஆண்டு, ஏழைத் தொழிலாளியின் உடையில் அவர் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். வந்ததுமே கடும் வயிற்றுளைச்சலாற் கிடந்தார். பின்னர்த் தமிழ் கற்றார், சிங்களமுங் கற்றார். கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர்.

ஒரு மனிதர் ஐந்தாண்டு அலைந்து, நோயுற்று, ஒளித்துத் திரிந்து, ஈற்றிற் சேரவேண்டிய நகரைச் சேர்ந்தபோது அங்குக் கிடைத்த வரவேற்புச் சிறை! மாத அறிக்கை எழுத நேர்ந்திருந்தால் அவர் அந்த நிரலில் என்ன எழுதியிருப்பார்?

அவர் பொறுத்திருந்தார். சிறைக்குள்ளேயே சிங்களம் பயின்றார். காலப்போக்கிற் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நன்கறிந்து, நடமாட இடங்கொடுத்தான். 1697ஆம் ஆண்டு கண்டியில் அம்மை நோய் பரவியது. இயன்றவர் எல்லாரும் நகரை விட்டு ஓடினர். கைவிடப்பட்ட நோயாளிகளை அடிகளாரும், அவருக்குத் துணையாக வந்த இளங்குருவும் பேணினர், உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். 'நீ என் சமயத்தவனா' என்று கேட்டு அவர்கள் கஞ்சி வார்க்கவில்லை. சிறையிலிட்ட நகரமே அதன்பின் அவரை மதித்தது. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார். 304 ஆண்டுகள் கழிந்தபின், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி, கொழும்புக் காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதரென அறிவித்தார். அன்று எமது இல்லத்திற் பொங்கலுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டே வானொலியில் அச்செய்தியைக் கேட்டோம். புனிதப் பட்டத்தைக்காட்டிலும் அந்தக் கஞ்சிதான் எம் நெஞ்சில் நின்றது.

பூச்சியம் எழுதிய பெரியோர்

எண்ணிக்கையைப் பற்றி இன்னுஞ் சிறிது சொல்லவேண்டும். செருப்புத் தைக்கும் தொழிலாளியாயிருந்து மிஷனரியான வில்லியம் கேரி 1793ஆம் ஆண்டு வங்காளத்துக்கு வந்தார். மறு ஆண்டே சிறு மகனொருவனை நோய்க்குப் பறிகொடுத்தார். மனைவி சித்தங் கலங்கினார். ஏழு ஆண்டுகள் அவருடைய நிரலிலும் பூச்சியமே இருந்தது. 1800ஆம் ஆண்டின் இறுதியிலேதான் கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஒருவர் அவர்களோடு சேர்ந்தார். அவரும் எப்படி நெருங்கினார்? தோள்மூட்டு விலகி வருந்தியபோது, கேரியின் தோழரான வைத்தியர் அதனைச் சரிப்படுத்தினார். பிரசங்கத்துக்கு முன்னே தோளைத் தொட்ட கை சென்றது.

பின்னர் 1812ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி இரவு செராம்பூரிலுள்ள அவர்களுடைய அச்சகம் தீப்பற்றியது. பல ஆண்டு உழைத்து எழுதிய மொழிபெயர்ப்புக்களும், அகராதிக் கையெழுத்துப் படிகளும், பல இந்திய மொழிகளின் அச்செழுத்துக்களும் வெந்து சாம்பராயின. அவ்வெழுத்துக்களிலே தமிழெழுத்துக்களும் இருந்தன. கேரி அப்பொழுது ஐம்பது வயதைக் கடந்தவர். அச்சாம்பரைக் கிளறியபோது, எழுத்து வார்க்கும் அச்சுக்கள் தப்பியிருக்கக் கண்டனர். உடனே புதிய எழுத்துக்களை வார்க்கத் தொடங்கினர். எழுத்து உருகிப் போகலாம். எழுத்தை வார்க்கும் அச்சு உள்ளே இருக்குமானால் எல்லாவற்றையும் மீண்டும் உண்டாக்கலாம். தம்பி, உம் ஆறு வருட வேலை உருகிப் போயிற்றென்றே வைத்துக்கொள்வோம். வார்ப்பச்சு உம்மிடம் இருக்கின்றதா என்பதைப் பாரும். அது அன்பாயின், இன்னும் இருக்கின்றதென்றே எமக்குத் தோன்றுகின்றது.

தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி வந்திறங்கிய சீகன்பால்குவின் கதை இன்னும் வியப்பானது. அவர் பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் இருந்து தமிழெழுத்துப் பழகினார். தேனியர் கோட்டைத் தளபதி அவரை நான்கு மாதஞ் சிறை வைத்தான். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை அவர் செருமன் மொழியில் ஆக்கினார். தமிழிற் புதிய ஏற்பாட்டை 1715ஆம் ஆண்டில் அச்சிட்டு முடித்தார். நம் தெய்வங்களைப் பற்றியும் ஒரு பெருநூல் எழுதி 1713ஆம் ஆண்டு செருமனிக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலிடத்தாரோ, 'இவற்றை ஒழிக்க அனுப்பினோமேயன்றிப் பரப்ப அனுப்பவில்லை' என்னும் கருத்தினராய் அதனைப் பரணில் இட்டுவிட்டனர். 1719ஆம் ஆண்டு, 36 வயதில், சீகன்பால்கு மறைந்தார். அந்நூல் அச்சேறியது 1867ஆம் ஆண்டிலேயே.

மேலிடத்தாருக்கு விளங்காத வேலையைச் செய்தவர் நீர் ஒருவரல்லர் என்பதற்காகவே இதனைக் கூறினோம். அவர் எம் தெய்வங்களைத் தம் தெய்வமென ஏற்றவரல்லர். ஆனால் ஏற்காததையும் பொறுமையாகக் கற்றார். அறியாமலே பழிப்பதைக்காட்டிலும் அது எவ்வளவோ உயர்ந்தது.

அயலார் களத்தில் விளைந்தது

விதைப்பவன் எண்ணிய வயலிலேயே விளைச்சல் காணப்படும் என்பது நிச்சயமில்லை. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் கத்தோலிக்கக் குருமாரிடம் விஞ்ஞானமும் கணிதமும் கற்றான். பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் ஆசிரியனானான். அக்குருமாரின் நிரலில் அவன் பெயர் ஏறவேயில்லை. அவன் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, சுவாமி விபுலாநந்தராக விளங்கி, யாழ்நூலைத் தமிழுக்குத் தந்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் அமைத்தான். அக்குருமாருடைய உழைப்பு வீணாயிற்றென்று எவரேனும் கூறத் துணிவாரா?

நல்லூர் ஆறுமுக நாவலர் பார்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர். அதே நாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவினார். பாதிரிமாரின் விடாமுயற்சியைக் கண்டே சைவர் தம் சோம்பலை உதறினர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எதிர்த்து நின்றவரையும் எழுந்து நிற்கச் செய்தது அவர்களுடைய ஊக்கம். நல்ல எதிராளியும் ஒருவகையில் ஆசிரியனே. எமது சைவக் கல்லூரிகள் பலவற்றின் அத்திவாரத்தில் அப்படியொரு கல் கிடக்கின்றது.

மானிப்பாயிற் பணி புரிந்த வைத்தியர் சாமுவேல் கிறீனையும் இங்கு நினைத்தல் தகும். 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த அவர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். பெருநூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தேடித் தேடி அமைத்தார், அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியராக்கினார். 1873ஆம் ஆண்டு உடல் நலங் குன்றித் தாயகம் மீண்ட பின்னரும் தமிழ் நூல்களைத் திருத்துவதை அவர் விடவில்லை. மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முடியுமா என்று நாம் இன்றும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கின்றோம்! அவரோ முடித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

எம் காலத்து இருவர்

பழைய காலத்தவரைச் சொல்லிவிட்டு நிறுத்தினால், 'அவர்கள் மகான்கள், நான் யார்?' என்று நீர் கேட்கலாம். எம் காலத்தவர் இருவரைச் சொல்கின்றோம்.

இயேசு சபைக் குருவாகிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972ஆம் ஆண்டு கண்டியிலே 'சத்தியோதய' என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும் ஒருங்கிருந்து பணி புரியும் இடமாக அதனை அமைத்தார். எம் மலையகத் தொழிலாளர் குடியுரிமை இழந்து, நாடற்றவர் என்று பெயர் பெற்றிருந்த காலம் அது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நேர்ந்த அந்தக் கொடுமையின் மிச்சம் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தனை காலமும் அவர் எழுதினார், பேசினார், எம் மக்களுடைய நியாயத்தைச் சிங்கள மக்களுக்கும் உலகத்தாருக்கும் எடுத்துரைத்தார். தமிழர் அல்லாத அவருக்கு அதனால் என்ன இலாபம்? 2017ஆம் ஆண்டு, தொண்ணூறு வயதைக் கடந்தபின், அவர் மறைந்தார்.

மற்றவர் மைக்கல் றொட்றிகோ அடிகளார். பேரறிஞராகிய அவர், 1980ஆம் ஆண்டு, ஊவாவிலே புத்தலைக்கு அண்மையிலுள்ள ஏழைப் பௌத்தக் கிராமமொன்றிற் குடிசை அமைத்துக்கொண்டார். எவரையும் மதம் மாற்றச் செல்லவில்லை; அயலவராய் வாழவே சென்றார். முதலில் அவரையும் ஐயக் கண்ணோடுதான் நோக்கினர். பையப் பைய அந்த ஐயம் நீங்கியது. பிக்குகளும் அவருக்கு நண்பராயினர். வன்செயல் சூழ்ந்தபோது அங்கிருந்து நீங்குவதா, நிற்பதா என்னும் வினா எழுந்தது. அவர் நின்றார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி, பூசை நிறைவேற்றிய வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாரும் அவ்வாறு உயிர் கொடுக்கவேண்டும் என்று நாம் கூற வரவில்லை. உயிருக்கு ஆபத்து வரும்போது விலகுவது கோழைத்தனமும் அன்று. பூச்சியம் என்று தோன்றும் வாழ்வு ஒரு கிராமத்தின் நெஞ்சில் எவ்வளவு இடம் பிடித்திருக்கும் என்பதையே சொல்ல விழைந்தோம்.

சூரைச் செடியின் நிழல்

உம்முடைய வேதத்திலே ஒரு நிகழ்ச்சி எமக்கு மிகவும் விருப்பமானது. எலியா என்னும் இறைவாக்கினர் மனமுடைந்து, வனாந்தரத்திலே ஒரு சூரைச் செடியின் கீழ்க் கிடந்து, 'போதும், சாவு வரட்டும்' என்று வேண்டுகின்றார். இறைவன் அவரைக் கண்டித்தாரா? இல்லை. நீண்ட உபதேசஞ் செய்தாரா? அதுவுமில்லை. உறங்க விட்டார். சுட்ட அடையும் தண்ணீரும் அனுப்பினார். மறுபடியும் உறங்க விட்டார். மறுபடியும் உண்ணச் செய்தார். அதன் பின்னரே பயணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மலையில் வீசிய பெருங்காற்றிலும், நிலநடுக்கத்திலும், தீயிலும் அல்லாமல், மெல்லிய குரலிலேயே அவர் இறைவனை உணர்ந்தார்.

நாம் வந்த அன்று நீர் மதியம் உண்ணவில்லை என்பதைக் கவனித்தோம். உமது சோர்வில் அரைப்பங்கு உடம்பின் சோர்வாக இருக்கலாம். ஆகையால் முதலாவது அறிவுரை இதுவே: ஒழுங்காக உண்ணும், உறங்கும், ஒரு வாரம் வீட்டுக்குச் சென்று தாயாரைப் பார்த்து வாரும். களைத்த மாட்டை அவிழ்த்து விடுவது உழவை விடுவதாகாது.

இரண்டாவது, எண்ணிக்கையை உம் நெஞ்சினின்றும் இறக்கி வையும். எமது கீதை பயன் கருதாக் கருமத்தைப் போதிக்கின்றது. உமது வேதமோ விதைப்பவன் ஒருவன், அறுப்பவன் மற்றொருவன் என்னும் கருத்தைச் சொல்கின்றது. இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகமில்லை. கேட்பவருக்கு நிரலை நிரப்பிக் கொடுப்பது கடமையானால், உண்மையையே எழுதும். பூச்சியம் என்பது பொய்யைவிட மேலான எண்.

மூன்றாவது, லயத்துக் கதவு சாத்தப்பட்டால் மனம் நோகாதிரும். அந்தக் கதவுக்குப் பின்னே ஏமாற்றப்பட்ட நினைவு ஏதேனும் இருக்கலாம். அரிசி மூட்டையோடு வந்து சமயத்தைக் கேட்டவர் எவரேனும் முன்பு அவ்வழியே போயிருக்கலாம். நீர் கேளாமற் கொடும். கொடுத்தபின்னுங் கேளாதிரும். திருவிழாக் காலத்திற் காமன் கூத்துப் பார்க்கப் போய் நில்லும். இழவு வீட்டிற்கு முதலாளாய்ப் போம். உம்மைப் பற்றிய ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பேச்சு உதவாது, காலந்தான் உதவும்.

நான்காவது, உமது மாலை வகுப்பு. அதனை நீர் உமது அறிக்கையிற் குறிப்பிடுவதேயில்லை என்றீர். நாம் அதனை எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது பிள்ளைகள். அவர்களிற் பதினாறு பேர் சைவப் பிள்ளைகள். ஒரு பெண் பிள்ளை நெற்றியில் நீறோடு முன்வரிசையில் இருந்து, பின்னக் கணக்கைப் பிழையறச் செய்து முடித்துவிட்டு, உம் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீர் கண்டீரோ என்னவோ, நாம் கண்டோம். நீர் போய்விட்டால் அந்த அறையை யார் திறப்பார் என்று விசாரித்தோம். எவருமில்லை என்பதே விடை. இது ஒன்றே நீர் நிற்பதற்குப் போதிய நியாயமாக எமக்குப் படுகின்றது.

சைவராகிய எமக்கும் இதில் வெட்கப்படுவதற்கு இடமுண்டு. அந்தப் பதினாறு பிள்ளைகளுக்கும் மாலை வகுப்பு நடத்துவதற்கு நம்மவர் ஒருவர் அங்கில்லை. நெற்றியில் நீறு பூசுவதோடு கடமை முடிந்ததென்று நாம் பட்டணத்தில் இருந்துவிட்டோம். மிஷனரிமாரை ஏசுவது எளிது. அவர்கள் ஏறிய மலையில் ஏறுவதே அரிது.

முடிவாக ஒரு செய்தி

கடிதம் அனுப்பி மூன்று வாரங்கள் மறுமொழி வரவில்லை. நாம் சிறிது கவலையுற்றோம். அதன்பின் ஒரு நாள் சிறிய தபாலொன்று கிடைத்தது. அதில் விடுவதா, நிற்பதா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "ஐயா, ஒரு வாரம் வீட்டுக்குப் போய் வந்தேன். அம்மா நலம். புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய பழைய வினாத்தாள்கள் உங்கள் கல்லூரியில் இருந்தால் அனுப்பிவையுங்கள். இப்பொழுது இருபத்தொரு பேர்" என்று மாத்திரம் எழுதியிருந்தார்.

வினாத்தாள்களைத் தேடி எடுத்துவிட்டோம். தபாலில் அனுப்புவதாக இல்லை. அடுத்த விடுமுறையில் நாமே கொண்டு செல்ல எண்ணியிருக்கின்றோம். சனிக்கிழமை மாலைகளிற் தமிழ்ப் பாடத்தை எடுத்துக்கொள்ள அவர் இசைவாராயின், அந்த அறையில் எமக்கும் ஒரு மூலை கிடைக்கும்.